பெறுபேறு வந்த மறுநாள்

பிரபல பாடசாலைகளில் இடமும் உதவிப்பணமும் பெறுவதற்காக இலங்கையில் நடக்கும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை எழுதப் போகிற பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "பயமா இருக்கோ?" என்று கேட்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் வழக்கம். பிள்ளை "இல்லை" என்று சொல்லும். கேட்டவருக்கும் நிம்மதியாகிவிடும். ஆனால், ஓராண்டு காலமாகக் காலையும் மாலையும் சரியான விடையின் கீழ்க் கோடிடப் பழக்கப்பட்ட பிள்ளைக்கு, இந்தக் கேள்விக்கும் சரியான விடை எது என்று தெரியாமலா இருக்கும்? யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக நெடுங்காலம் இருப்பவள் என்ற முறையிலும், இந்தப் பரீட்சையை எழுதிய ஒரு மகளின் தாய் என்ற முறையிலும், நான் அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டேன். இப்போது நான் கேட்பது வேறொன்று: "பெறுபேறு வந்த அடுத்த நாள் உங்கட வீட்டில என்ன நடக்கும்?"

இதற்குப் பிள்ளைகள் தயங்காமல் விடை சொல்கிறார்கள். "அம்மா ஒரு கிழமைக்கு ஒருத்தரோடையும் கதைக்க மாட்டா" என்றாள் ஒருத்தி. "கனடா மாமா சைக்கிள் வாங்கித் தர மாட்டார்" என்றான் ஒருவன். "அப்பப்பா நேர்த்தி வச்சவர். நான் பாஸ் பண்ணாட்டி, சாமி தன்ர நேர்த்தியைக் கேக்கேல்லை எண்டு அழுவார்" என்று இன்னொரு பிள்ளை சொன்னது. அப்போது அதற்கு ஒன்பதரை வயது. கணக்குக் கடினம் என்றோ நேரம் போதாது என்றோ சொல்பவர்கள் மிகக் குறைவு. பத்து வயதுக்காரரைப் பரீட்சை அவ்வளவாகப் பயமுறுத்துவதில்லை. அவர்களுக்கு வினாத்தாள் என்பது நாளாந்தம் பார்க்கிற ஒன்று. பரீட்சைக்குப் பிறகு வீடு என்ன ஆகும் என்பது தெரியாதிருப்பதுதான் இரவில் அவர்களை விழிக்க வைக்கிறது. ஆகவே, பிள்ளையை மனதளவில் ஆயத்தப்படுத்துவது பற்றி என்னிடம் கேட்கும் பெற்றோருக்கு நான் சொல்வது, மூச்சுப் பயிற்சிக்கும் தியானத்துக்கும் முன்னதாக, பெறுபேறு வந்த மறுநாளைப் பரீட்சைக்குப் பல மாதங்கள் முந்தியே வீட்டில் தீர்மானித்து, அதைப் பிள்ளைக்குத் தெரியும்படி சொல்லிவிடுங்கள் என்பதே.

அப்படித் தீர்மானிப்பதற்குப் பெற்றோர் முதலில் இந்தப் பரீட்சையின் கணக்கை அறிந்திருக்க வேண்டும். பலர் அறியாமலேயே பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்குகிறார்கள். முதலாம் வினாத்தாளில் ஒரு மணித்தியாலத்துக்கு 40 வினாக்கள். பெரும்பாலும் நுண்ணறிவு சார்ந்தவை. இரண்டாம் வினாத்தாளில் ஒரு மணித்தியாலம் 15 நிமிடத்துக்கு 60 வினாக்கள். மொத்தப் புள்ளி 200. 70 புள்ளிக்கு மேல் எடுத்தவர்கள் எத்தனை வீதம் என்று ஒரு கணக்கு ஆண்டுதோறும் வெளியாகும். பரீட்சை எழுதுவோரில் பெரும்பான்மையினர் அதைத் தாண்டிவிடுகிறார்கள். ஆனால் ஊரில் "பாஸ்" என்று பேசப்படுவது அதையன்று, உதவிப்பணத்துக்கோ பாடசாலை இடத்துக்கோ தேவையான ஆகக் குறைந்த புள்ளியான வெட்டுப்புள்ளியைத்தான். 2023 ஆம் ஆண்டுப் பரீட்சைக்கு 3 இலட்சத்து 32 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் தோற்றினார்கள். வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள் 50 ஆயிரத்துச் சொச்சம், ஏறத்தாழ 15 வீதம். அப்படியானால், ஒரு வகுப்பில் 20 பிள்ளைகள் இருந்தால், நாடளாவிய சராசரிப்படி மூவர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவார்கள், பதினேழு பேர் தாண்ட மாட்டார்கள். அந்தப் பதினேழு வீடுகளிலும் "தாண்டாவிட்டால் என்ன?" என்ற கேள்விக்கு முன்கூட்டியே ஒரு விடை இருக்க வேண்டுமா, இல்லையா?

வெட்டுப்புள்ளியிலும் இரண்டு வகை உண்டு. பெற்றோர் மாத்திரமன்றி ஆசிரியர்களே இவற்றைக் குழப்பிக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். ஒன்று, மாவட்டத்துக்கும் மொழி மூலத்துக்கும் ஏற்ப வேறுபடுகிற, உதவிப்பணத்துக்கான வெட்டுப்புள்ளி. மற்றையது, ஒவ்வொரு பிரபல பாடசாலையிலும் தரம் 6 இல் சேர்வதற்கான வெட்டுப்புள்ளி. முதலாவதைத் தாண்டிய பிள்ளைக்கு விரும்பிய பாடசாலை கிடைக்காமல் போகலாம். இந்த இரண்டாவது எண், அந்த ஆண்டு அந்தப் பாடசாலையில் எத்தனை இடம் இருந்தது, எத்தனை பேர் அதை விரும்பிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்து ஏறி இறங்கும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் ஆசனங்கள் முடிந்த பிறகு வந்தவர் அடுத்த பஸ்ஸைப் பார்க்கிறாரே தவிர, தனக்குக் கொழும்புக்குப் போகத் தகுதியில்லை என்று நினைப்பதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சொன்னால் விளங்கும். என் மகளுக்கு விளங்கியது, "அப்ப போன வருசம் இதே மார்க்ஸுக்குக் கிடைச்சிருக்குமோ?" என்று உடனே திருப்பிக் கேட்டாள்.

இன்னொரு கேள்வியும் தொடக்கத்திலேயே கேட்கப்பட வேண்டும். உங்கள் பிள்ளை இந்தப் பரீட்சையை எதற்காக எழுதுகிறது? 1940களில் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியையும் கிராமங்களில் மத்திய கல்லூரிகளையும் கொண்டுவந்த காலத்தில், வறிய வீட்டுப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையில் இடமும், விடுதியும், உதவிப்பணமும் கிடைக்கவே இந்த ஏற்பாடு உருவானது. இன்றும் வன்னியிலோ மலையகத்திலோ இருக்கிற ஒரு பிள்ளைக்கு இது உண்மையான வாசல்தான். மாதம் 750 ரூபாவாக இருந்து, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1,500 ரூபாவாக உயர்த்தப்பட்ட உதவிப்பணம்கூட அந்த வீட்டில் ஒரு பொருட்டுத்தான். அந்தப் பிள்ளையிடம் போய் "புள்ளி ஒன்றும் பெரிய விசயமில்லை" என்று சொல்வது பொய். பிள்ளை அதை நம்பவும் மாட்டாது. ஆனால், தரம் 13 வரை உள்ள நல்ல பாடசாலை ஒன்றில் ஏற்கெனவே படித்துக்கொண்டும், வேறெங்கும் போகும் எண்ணமே இல்லாமலும் இருக்கிற பிள்ளைகளும் ஓராண்டு இரவு பகலாக இதற்குப் படிக்கிறார்கள். பரீட்சைக்குத் தோற்றுவது கட்டாயமன்று. இருந்தும், எத்தனை பேர் வெட்டுப்புள்ளியைத் தாண்டினார்கள் என்று பதாகை கட்டுவதற்காக, பாடசாலையே பிள்ளைகளைத் துரத்துவது உண்டு. இதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. சக ஆசிரியைகளோடு ஆசிரியர் அறையில் வாக்குவாதப்பட்டும் இருக்கிறேன். இடம் தேவையில்லாத பிள்ளை எழுதவேண்டும் என்று விரும்பினால் எழுதட்டும், ஆனால் இது அவசியமில்லாத பரீட்சை என்பதை அதனிடம் மறைக்கக் கூடாது.

சரி, மறுநாளைத் தீர்மானிப்பது எப்படி? சொல்வது சுலபம், செய்வதற்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது. வெட்டுப்புள்ளி வந்தால் எந்தப் பாடசாலை, வராவிட்டால் எந்தப் பாடசாலை என்பதைத் தாயும் தகப்பனும் முதலில் தங்களுக்குள் பேசி முடிக்க வேண்டும். அந்த இரண்டாவது பாடசாலையைப் பற்றிப் பிள்ளை கேட்க இளக்காரமாகப் பேசுவதை அன்றோடு நிறுத்த வேண்டும். பிறகு, தைப்பொங்கலுக்குப் பிறகோ சித்திரை விடுமுறையிலோ, இரண்டு பாடசாலைகளுக்கும் பிள்ளையைக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டும். நாங்கள் அப்படிப் போன அன்று, முதலாவது பாடசாலையின் பெரிய மண்டபத்தைப் பார்த்து மகள் பேசாமல் நின்றாள். இரண்டாவது பாடசாலையின் வளவில் ஒரு பெரிய வேம்பும், அதன் கீழ் சுற்றிவரக் கட்டிய சீமெந்துக் கட்டும் இருந்தன. அந்தக் கட்டில் ஏறி ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, "இஞ்ச இண்டர்வலுக்கு இருக்கலாம்" என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது. வராவிட்டால் போகப் போகும் இடம் இருட்டுக் கிணறு அன்று, நிழலும் கட்டும் உள்ள ஓர் இடம் என்பது அவளுக்குக் கண்ணால் தெரிந்துவிட்டது. யாரோடு போவது, எந்த வானில் போவது, எத்தனை மணிக்கு எழும்புவது என்பதையும் சேர்த்துச் சொன்னோம். பிள்ளைகளின் மனம் இப்படிப்பட்ட சின்ன விபரங்களில்தான் ஊன்றி நிற்கிறது.

நிபந்தனை வைத்த பரிசுகள் அடுத்த தொல்லை. வெளிநாட்டில் இருக்கிற உறவினர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் "பாஸ் பண்ணினா சைக்கிள்" என்பது பிள்ளையின் காதில் "பாஸ் பண்ணாட்டி சைக்கிள் இல்லை" என்றும், இன்னும் ஆழத்தில் "பாஸ் பண்ணாட்டி மாமாவுக்கு என்னில விருப்பமில்லை" என்றும் விழுகிறது. கனடாவில் இருக்கிற என் தமையனார் தொலைபேசியில் இப்படிச் சொன்னபோது, "அண்ணா, தாறதெண்டால் இப்பவே தாங்கோ. சோதினையோட முடிச்சுப் போடாதேங்கோ" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு ஊக்கம் வேண்டாமோ என்று கேட்டார். மூன்று நான்கு தரம் பேசித்தான் இணங்கினார். சைக்கிள் சித்திரையிலேயே வந்து சேர்ந்தது. மாலையில் ரியூசன் முடிந்து வந்து ஒழுங்கையில் ஓடித் திரிந்தாள். நேர்த்திக்கடனுக்கும் இதே வழிதான். அப்பப்பாமாரிடம் கடவுளோடு பேசவேண்டாம் என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது; "பிள்ளை நல்ல சுகத்தோட எழுதி முடிச்சு வந்தால்" என்று நேர்த்தியை மாற்றிக்கொள்ளச் சொல்லலாம். அப்படி மாற்றிய ஒரு முதியவர் பரீட்சை முடிந்த அன்று பின்னேரமே பேரனைக் கோயிலுக்குக் கூட்டிப் போய் அர்ச்சனை செய்ததை அறிவேன். பெறுபேறு வர அப்போது இன்னும் நெடுநாள் இருந்தது.

"எங்களுக்கு மார்க்ஸ் முக்கியமில்லை" என்று சொல்கிற பெற்றோரைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மூன்று ரியூசன் வகுப்புகளுக்குக் காசு கட்டி, பரீட்சை வரைக்கும் தொலைக்காட்சியை மூடிவைத்து, கலியாணவீடுகளுக்குப் போவதையும் நிறுத்திய பிறகு சொல்லப்படுகிற இந்த வசனத்தை எந்தப் பிள்ளை நம்பும்? அதைவிட நேர்மையாக, "உனக்கு அந்தப் பாடசாலை கிடைத்தால் எங்களுக்குச் சந்தோசம். கிடைக்காவிட்டால் கொஞ்ச நாள் கவலையாகத்தான் இருக்கும். அந்தக் கவலை உன்னில் உள்ள கோபம் அல்ல. ஒரு கிழமை போக நாங்கள் வழமைபோல இருப்போம்" என்று சொல்லிவிடலாம். இப்படிச் சொன்னால் பிள்ளை தளர்ந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. என் அனுபவம் அப்படி இல்லை. தாய் கவலைப்படுவாள் என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். அந்தக் கவலைக்கு ஒரு முடிவு உண்டு என்பதுதான் அதற்குப் புதிய செய்தி.

பாராட்டுகிற முறைக்கும் இதில் பங்கு உண்டு. 1998 இல் அமெரிக்க உளவியலாளர்களான கிளோடியா முல்லரும் கரோல் டுவெக்கும் வெளியிட்ட ஓர் ஆய்வு, ஏறத்தாழ எங்கள் தரம் 5 வயதுப் பிள்ளைகளைக் கொண்டே நடந்தது. பிள்ளைகளுக்கு முதலில் சுலபமான புதிர்களைக் கொடுத்து, முடித்தபின் சிலரை "நீ கெட்டிக்காரி" என்றும், சிலரை "நன்றாக முயன்றிருக்கிறாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்து எல்லோருக்கும் மிகக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். பிறகு மீண்டும் சுலபமானவற்றைக் கொடுத்தபோது, கெட்டிக்காரர் என்று பாராட்டப்பட்டவர்கள் முதலில் செய்ததைவிடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். தாங்கள் எடுத்த புள்ளியை முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கூட்டி எழுதியவர்கள் முதலாவது கூட்டத்திலேயே அதிகம். இதை வாசித்தபோது என் வகுப்புப் பிள்ளை ஒருத்திதான் நினைவுக்கு வந்தாள். மாதிரி வினாத்தாளில் 61 எடுத்தவள், 6 ஐ 8 ஆக்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தாள். பென்சிலால் அல்ல, சிவப்புப் பேனா ஒன்றைத் தேடிப் பிடித்து, என் கையெழுத்தின் சாய்வையும் பார்த்து, மேல் வளையத்தை மூடியிருந்தாள். அவ்வளவு நுணுக்கமாக வேலை செய்யத் தெரிந்த பிள்ளைக்கு உண்மையில் என்ன கெட்டித்தனம் குறைவு? வீட்டில் எல்லோரும் அவளை "எங்கட டொக்டர்" என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

மண்டபத்துக்குள் பிள்ளைக்குத் துணை நிற்கக்கூடிய பழக்கம் ஒன்று உண்டு என்றால், அது வினாவை விட்டுப் போகத் தெரிவது. 60 நிமிடத்தில் 40 வினா என்றால், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம். ஏழாம் வினாவில் மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடம் போக்கிய பிள்ளை, பன்னிரண்டாம் வினாவில் அழத் தொடங்குகிறது. அதற்குப் பிறகு தெரிந்தவையும் கை நழுவும். மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய செய்திகள் மிகச் சில. கவலை அதில் பாதியைப் பிடித்துக்கொண்டால், கணக்குக்கு மிஞ்சுவது மற்றப் பாதிதான். ஆனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கே விட்டுப் போவது மிகக் கடினம், ஏனென்றால் விடுவதைத் தோல்வி என்றுதான் நாங்கள் பழக்கியிருக்கிறோம். அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளில் ஓட்டை விழுந்த பிறகும் அடுத்த வினாவுக்குப் போகாத பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். இதற்காக நான் வகுப்பில் சின்ன வினாத்தாள் ஒன்று தயாரிப்பேன்: பத்து வினா, அவற்றுள் இரண்டு யாராலும் செய்ய முடியாதவை. எந்த இரண்டு என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டுக்கும் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுப் போனவருக்குத்தான் அன்று பாராட்டு. முதல் நாள் முகங்கள் கறுத்துப் போகும். சில கிழமைகள் போக, "ரீச்சர், இது உங்கட கள்ளக் கேள்விதானே!" என்று சிரித்துக்கொண்டு புள்ளி வைப்பார்கள்.

பரீட்சைக்கு முந்திய நாட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். பரீட்சைத் திணைக்களமே பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து ரியூசன் வகுப்புகளையும், மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் தடை செய்கிறது. அந்தத் தடைக்குள்ளும் ஒளித்து வகுப்பு நடத்துகிற வீடுகளுக்குப் பிள்ளையை அனுப்பாதீர்கள். பத்து வயதில் பிள்ளை அங்கே கற்றுக்கொள்வது என்ன என்று யோசியுங்கள். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு இரவில் 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. விடியப்புறம் நான்கு மணிக்கு எழுப்பி வினாத்தாள் செய்ய வைப்பது அதோடு எப்படிப் பொருந்தும்? வயிற்றுக்குத்து என்று பிள்ளை சொன்னால், "படிக்கப் பஞ்சிப்படுகிறாய்" என்று தள்ளிவிடக் கூடாது. பதற்றத்தால் வரும் வயிற்று வலியும் உண்மையான வலிதான். வேறு நோய் இல்லை என்று வைத்தியரிடம் காட்டித் தெளிந்துகொண்டு, வகுப்பு ஒன்றைக் குறைத்துப் பாருங்கள். 2025 இல் பரீட்சை ஓகஸ்ட் 10 ஆம் திகதி, நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்தது. ஊரே வீதியில் நிற்க, தரம் 5 பிள்ளைகள் பலர் வீட்டுக்குள் இருந்தார்கள். ஒரு பின்னேரம் கூட்டிப் போய்ச் சாமி காட்டி, கச்சான் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தால் எத்தனை புள்ளி குறைந்திருக்கும் என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டட்டும்.

அன்றைய காலைக்குரிய ஆயத்தம் கைக்குரியது. பரீட்சை நிலையம் பிள்ளையின் சொந்தப் பாடசாலையாக இல்லாவிட்டால், முந்திய கிழமை ஒரு தரம் போய் வாசலையும், தண்ணீர்க் குழாயையும், மலசலகூடத்தையும் காட்டிவிடுங்கள். சுட்டெண்ணைச் சட்டையின் இடப் பக்கத்தில் குத்திக்கொண்டு போகவேண்டும். அந்த ஊசி நெஞ்சில் உரசுவதுகூடச் சில பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை, ஆகவே வீட்டில் ஒரு நாள் குத்திப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு வினாத்தாள்களுக்கும் நடுவே அரை மணி நேர இடைவேளை உண்டு. கெடுதல் பெரும்பாலும் நடப்பது அந்த அரை மணி நேரத்தில்தான். வேலிக்கு வெளியே காத்து நிற்கும் பெற்றோர் எட்டிப் பார்த்து, "அந்தக் கோழிக் கணக்குக்கு என்ன போட்டனீ?" என்று கேட்க, பக்கத்தில் நின்ற இன்னொரு தாய் வேறு விடையைச் சொல்ல, பிள்ளை அந்த முகத்தோடேயே அடுத்த தாளுக்குப் போகிறது. தண்ணீரையும் சாப்பாட்டையும் காலையிலேயே பையில் வைத்துக் கொடுத்து, "முடிஞ்சதைப் பற்றி நாங்கள் கேக்க மாட்டம், நீயும் கூட்டாளிகளோட கதைக்காதை" என்று முதல் நாளே உடன்பாடு செய்துகொண்டு, அந்த நேரம் வேலிக்குக் கிட்டவும் போகாமல் இருப்பதே நல்லது. எனக்கு அது சுலபமாக இருக்கவில்லை. எதிரே இருந்த தேநீர்க் கடையில் இரண்டு பிளேன்ரீ குடித்தேன்.

பெரியவர்களின் பிழையால் வரும் குழப்பத்துக்கும் பிள்ளையை ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று 2024 வரைக்கும் நான் நினைத்திருக்கவில்லை. அந்த ஆண்டு செப்டெம்பரில் நடந்த பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்ற விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. மீண்டும் பரீட்சையா இல்லையா என்ற கேள்வியோடு மூன்று மாதத்துக்கு மேல் பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லோருக்கும் முழுப் புள்ளி வழங்கும்படி டிசம்பர் 31 இல் நீதிமன்றம் சொன்னது. பெறுபேறு 2025 ஜனவரியில் வந்தது. அந்த மாதங்களில் "ரீச்சர், திரும்பவும் எழுத வேணுமோ?" என்று கேட்ட பிள்ளைகளிடம், எனக்கும் அதற்கு விடை தெரியாது, இது பெரியவர்கள் விட்ட பிழை, உங்களில் ஒரு பிழையும் இல்லை, என்ன முடிவு வந்தாலும் அன்றைக்கே சொல்லுவேன் என்று மாத்திரம் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்று ஆசிரியையே சொன்னது அவர்களுக்கு ஆறுதலாக இருந்ததை முகத்தில் கண்டேன்.

பெறுபேறு இப்போது இணையத்தில் வருகிறது. சுட்டெண் தெரிந்த எவரும் பார்த்துவிடலாம் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் முதலில் அறிந்து பிள்ளைக்குச் சொல்கிற கொடுமையும் நடக்கிறது. சுட்டெண்ணை உறவினர் குழுக்களில் போடாதீர்கள். யார் பார்ப்பது, பிள்ளை பக்கத்தில் இருக்கவேண்டுமா என்பதைப் பிள்ளையிடமே கேட்டு முன்னரே முடிவு செய்யுங்கள். என் மகள், தான் நித்திரை கொண்ட பிறகு நாங்கள் பார்க்கட்டும், காலையில் தனக்குச் சொல்லட்டும் என்றாள். தொலைபேசியில் கேட்கிறவர்களுக்குப் புள்ளியைச் சொல்வதா என்பதும் அவளுடைய விருப்பம் என்று விட்டோம். சிலருக்குச் சொன்னாள், சிலருக்குச் சொல்லவில்லை, மாமி ஒருவர் கோபித்துக்கொண்டார். வெட்டுப்புள்ளி வராத வீடுகளில் அன்று பிள்ளைக்கு அறிவுரை சொல்லவேண்டியதில்லை. பிள்ளை அழுதால் அழட்டும். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பிறகு, உயர்தரத்துக்கு வேறு பாடசாலைக்குப் போக வழி உண்டு என்பதும், பல்கலைக்கழக அனுமதி உயர்தரப் பெறுபேற்றின் இஸட் புள்ளியைக் கொண்டே நடக்கிறது என்பதும், தரம் 5 இல் என்ன எடுத்தாய் என்று அங்கே எவரும் கேட்பதில்லை என்பதும் உண்மைகள். ஆனால் அவை பெற்றோர் தங்கள் மனதைத் தேற்றிக்கொள்வதற்கு உரியவை. பத்து வயதுக்கு எட்டு ஆண்டுக்குப் பிந்திய ஆறுதல் எட்டாது. அதற்கு அன்று தேவை, ஏற்கெனவே சொல்லி வைத்தபடி வீடு நடப்பது: சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு, அதே சைக்கிள், வேம்புள்ள அந்தப் பாடசாலைக்கு விண்ணப்பம்.

வெட்டுப்புள்ளி வந்த பிள்ளையை மனதளவில் ஆயத்தம் செய்யவேண்டும் என்று பெரும்பாலும் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. சந்தியில் படம் போட்ட பதாகை, பாராட்டு விழா, மாலை எல்லாம் முடிந்து, ஐந்து ஆண்டு கூடப் படித்த கூட்டாளிகளை விட்டு, விடியவே வானில் ஏறி, தன்னைப்போலவே எல்லோரும் வகுப்பில் முதலாம் பிள்ளையாக இருந்து வந்த ஒரு வகுப்பறையில் அது போய் அமர்கிறது. முதலாம் தவணைப் பரீட்சையில் இருபத்தேழாம் பிள்ளையாக வருகிறது. வீட்டில் "ஸ்கொலர்ஷிப் பாஸ் பண்ணின பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். பாஸ் பண்ணிய பிள்ளைகள் தரம் 6 இல் என்னைத் தேடி வந்து அழுதது, பாஸ் பண்ணாத பிள்ளைகள் அழுததைவிடக் குறைவு என்று என்னால் சொல்ல முடியாது. ஆகவே, பரீட்சைக்கு முன் இரண்டு பாடசாலைகளைக் காட்டும்போதே, பெரிய பாடசாலையில் இருபத்தேழாம் பிள்ளையாக இருப்பது எப்படி இருக்கும் என்பதையும் கதையோடு கதையாகப் பேசிவிடவேண்டும். பழைய கூட்டாளிகளின் வீடுகளுக்குச் சனிக்கிழமைகளில் போய்வர ஏற்பாடு செய்யலாம். அந்த முதலாம் தவணை முழுவதும் புதிய ரியூசன் எதிலும் சேர்க்காமல் விட்டு, மாலை நான்கு மணிக்கு என்ன செய்வது என்று தெரியாமல் பிள்ளை முற்றத்தில் சும்மா நிற்பதைப் பெற்றோர் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும்.